பொந்தியானில் ஒரு ஞாயிறு

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேயர்களுக்கு மணி சொல்வது பழகிப்போன வேலை. ஆனால், அம்மாவோடு அடுப்படியில் கடைசியாக எப்போது நின்றேன் என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்கு நல்ல சாக்கு ஒன்று வைத்திருந்தேன். எங்கள் வீடு பொந்தியானில். அக்கா அங்கே பள்ளி ஆசிரியை. 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் எனக்குச் சனியும் ஞாயிறும். "உங்களுக்கும் எனக்கும் லீவு சேரவே மாட்டேங்குதே" என்று சொல்லியே பதினோரு ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. சாக்கு போனது, நான் போகவில்லை. ஞாயிறுதோறும் திருமண விருந்துகளில் மேடை அறிவிப்பு, கூடுதல் வருமானம்.

"உன் குரல்தான் தினமும் வீட்டுக்கு வருது" என்றார் அம்மா ஒருநாள் தொலைபேசியில். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. மாதத்தில் இரண்டு ஞாயிறுகளுக்கு மேடை வேலை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கார் தவணை கட்டும் நாளில் அதன் வலி தெரிகிறது, மறைக்கவில்லை.

முதல் ஞாயிறு அதிகாலையிலேயே அக்கா எழுப்பினார். தஞ்சோங் பியாய் போக வேண்டும், எட்டு மணிக்குக் கடல் வற்றிவிடும். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நம் கடிகாரத்துக்கு அது கட்டுப்படாது.

கூக்கூப்புக்கும் தெற்கே, ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை இது. தஞ்சோங் பியாய், கூக்கூப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்று சதுப்புநிலக் காடுகளும் 2003இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. பலர் முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நடைபாதையில் அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். கீழே சேற்றில் மலாய்க்காரர்கள் 'பெலாச்சாக்' என்று அழைக்கும் மீன் துடுப்பை ஊன்றி நடக்கும். செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டும் ஈரத் தோலால் சுவாசித்தும் அது கரையில் உலவுகிறது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு அதை ஆட்டி ஆட்டித் துணையைக் கூப்பிடும். தாங்கு வேர்களுக்கு நடுவே நீள்வால் குரங்குகள் நண்டு தேடும். கடலோரத்தில் சில மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கப்பல்கள் எழுப்பும் அலையும் சேர்ந்து இந்தக் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளோடு போவதென்றால் சீக்கிரமே போய்விடுங்கள். தொப்பியும் கொசு மருந்தும் அவசியம். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்.

திரும்பும்போது செனாங்கின் மீனும் ஓர் அன்னாசியும் வாங்கினோம். பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நானாஸ் என்ற ஊரே அன்னாசியின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. இலைதழை மக்கிய இங்குள்ள புளிப்பு மண், பல பயிர்களுக்கு ஆகாது, அன்னாசிக்கு ஒத்துப்போகிறது.

வெந்தயமும் சின்ன வெங்காயமும் தாளித்து, புளி கரைத்து ஊற்றி, குழம்பு கொதித்ததும் அன்னாசித் துண்டுகளைப் போட்டார் அம்மா. நான் மீன் தட்டைத் தூக்கினேன். "பொறு. அன்னாசி நல்லா வேகட்டும். இல்லாட்டி மீன் கரைஞ்சு போயிடும்." பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, சூட்டில் அது செயலிழந்துவிடும் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அது கைப்பழக்கம்.

"எத்தனை நிமிஷம்மா?"

"நிமிஷக் கணக்கெல்லாம் தெரியாது. வாசம் மாறும், பக்கத்துல நில்லு."

நின்றேன். வாசம் மாறியது.

மறுநாள் மீண்டும் ஒலிவாங்கி முன்னால் மணி சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அக்காவின் செய்தி வந்தது: அடுத்த ஞாயிறு நீர் வற்றுவது பிற்பகலில்தானாம். அப்படியென்றால் சமையல் முதலில், சேறு பிறகு.