அக்காவின் சோற்றுக் கையும் ஜிம்மியின் உடற்பருமனும்

மன்னார் பெருநிலப்பரப்பில், நானாட்டான் பிரதேசத்தில் அமைந்துள்ள கிராமம் நறுவிலிக்குளம். எனது மூத்த சகோதரி அங்குதான் வாழ்கிறார். பிள்ளைகள் மூவரும் புலம்பெயர்ந்துவிட்டனர். அத்தானும் காலமாகிவிட்டார். இன்று அக்காவுக்குத் துணையாக இருப்பவை ஜிம்மி என்ற நாயும், பெயர் வைக்கப்படாத ஒரு பூனையும் மட்டுமே.

சென்ற ஆண்டு அங்கு சென்றிருந்தேன். படலையைத் திறந்ததும் குரைத்துக்கொண்டு ஓடிவர வேண்டிய ஜிம்மி, படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டியது. எழுந்து நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் அதனை ஏற்றிப் பார்த்தோம். 24 கிலோ. அதன் உயரத்துக்கு 18 கிலோ போதுமானது என்று பின்னர் மிருக வைத்தியர் கூறினார்.

காரணத்தைத் தேடி நான் வெகுதூரம் செல்லவில்லை. காலையில் பாலில் நனைத்த பாண், மதியம் அக்காவின் தட்டுக்குச் சமமான சோறும் மீன் குழம்பும், மாலையில் தேநீருடன் பிஸ்கற், இரவில் மீண்டும் சோறு. இடையில் யார் எதைத் தின்றாலும் அதிலும் ஒரு பங்கு.

"அக்கா, இப்படிக் கொடுத்தால் இவன் கனகாலம் இருக்கமாட்டான்" என்றேன்.

"பாவம் தம்பி, வாயில்லாச் சீவன். பசிக்குது எண்டு அதுக்குச் சொல்லத் தெரியுமே?" என்றார்.

அந்தப் பதிலின் பின்னால் ஒரு கதை இருந்தது. 1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது, அக்காவின் குடும்பம் ஆயிரக்கணக்கான மக்களைப் போலவே மடுத் தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தது. புறப்படும்போது வளர்ப்பு நாயை அவிழ்த்துவிட்டு, ஒரு பானை சோற்றை முற்றத்தில் கவிழ்த்துவிட்டுச் சென்றார்கள். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது பானை இருந்தது, நாய் இல்லை. அக்காலத்தில் செய்தி சேகரிக்கச் சென்ற கிராமங்களில், ஆளற்ற வீடுகளின் வாசலில் என்பும் தோலுமாகக் காத்திருந்த நாய்களை நானும் கண்டிருக்கிறேன். அவற்றைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. மனிதர்களைப் பற்றி எழுதவே பத்திரிகையில் இடம் போதாத காலம் அது.

எனவே, அக்காவின் கையைத் தடுப்பது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. ஆனால் ஜிம்மியின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

அமெரிக்காவில் 48 லாப்றடோர் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து இறுதிவரை அவதானித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சோடி சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து வளர்த்தார்கள். குறைவாக உண்டவை சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன. மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. இதனை நான் அக்காவுக்கு விளக்கினேன். "இரண்டு வருசமோ?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வைத்தியரிடம் செல்ல அவரே ஆயத்தமாகி நின்றார்.

வைத்தியர் முதலில் ஜிம்மியின் விலாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நமது கையை விரித்து அதன் புறப்பக்கத்தைத் தடவினால் எலும்புகள் எப்படித் தென்படுகின்றனவோ, நாயின் விலாவும் அவ்வாறே தென்பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவதுபோல இருந்தால் கொழுப்பு மிகுந்துவிட்டது. முட்டியாக மடித்த கையின் கணுக்களைப்போலத் துருத்தி நின்றால் மெலிவு. தராசு இல்லாத வீட்டிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து அவர் கூறியதே அக்காவின் மனத்தைத் தொட்டது. "எத்தனை தரம் கொடுக்கிறீர்களோ, அத்தனை தரமும் கொடுங்கள் அம்மா. அளவை மட்டும் குறையுங்கள்." வைத்தியர் குறித்துக்கொடுத்தபடி, ஒரு நாளைக்கான சோற்றைக் காலையிலேயே அளந்து தனியே வைத்துவிட வேண்டும். எத்தனை தரமானாலும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். சோற்றைக் குறைத்து, அவித்த பூசணியும் முள் நீக்கிய மீனும் சேர்க்கலாம். பாண், பிஸ்கற், தேங்காய்ப்பால் கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு என்பதால் குழம்புச் சோறும் கூடாது. இடைத்தீனி, நாளாந்த உணவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிழமைக்கு உடல் நிறையின் ஒரு சதவீதம் அளவில் குறைந்தால் போதும். அவசரம் வேண்டாம் என்றார். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பிராணிகளுக்கு முன்னரைவிடக் குறைந்த உணவே போதுமானது என்பதையும் நினைவூட்டினார்.

பூனையின் விடயம் வேறு. கொழுத்த பூனையை ஒருபோதும் பட்டினி போடக் கூடாது. சில நாட்கள் உண்ணாதிருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். பூனை இயல்பிலேயே மாமிச உண்ணி என்பதால், சோற்றையும் பாலையும் படிப்படியாகக் குறைத்து மீனையும் இறைச்சியையும் அளவோடு கொடுப்பதே நல்லது. நடக்கக் கூட்டிச்செல்ல முடியாத பிராணி அது. ஆகவே உணவைச் சிறு பங்குகளாக்கி வீட்டின் பல மூலைகளிலும், உயரமான இடங்களிலும் வைத்தால் தேடி ஏறி இறங்கும். நூலில் கட்டிய கடதாசித் துண்டும் நல்ல உடற்பயிற்சிக் கருவிதான்.

ஜிம்மியின் நடை விடியற்காலையில் ஆரம்பமாகியது. மன்னார் வெயிலில் தாமதித்துப் புறப்பட்டால் தார் வீதி பாதத்தைச் சுட்டுவிடும். பருத்த நாய்க்கு வெப்பத்தாக்கு எளிதில் வரும். முதல் கிழமை பத்து நிமிடம், பிறகு சிறிது சிறிதாக அரை மணி நேரம். வாய்க்கால் ஓரமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவும் நடந்தார். அவருக்கும் நீரிழிவு உண்டு. நடக்கச் சொல்லி மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கூறியும் கேட்காதவர், நாய்க்காக நடந்தார். அருகிலுள்ள வங்காலைச் சரணாலயப் பக்கம் மட்டும் நாயைக் கொண்டுபோக வேண்டாம் என்றேன். பருவத்துக்கு வரும் பறவைகளின் இடம் அது.

ஏழு மாதங்களில் ஜிம்மி 19 கிலோவுக்கு வந்துவிட்டது. முதல் இரண்டு மாதங்கள் அக்கா இரண்டு தடவை களவாகப் பிஸ்கற் கொடுத்ததை அவரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். சென்ற கிழமை அழைத்தபோது, "இவன் இப்ப படலையடிக்கு எனக்கு முன்னம் ஓடுறான், தம்பி" என்றார்.

ஊரிலுள்ள பெற்றோருடன் பேசும்போது, "நாய் சாப்பிட்டதா?" என்று நாம் கேட்பதுண்டு. இனி, "நாயோடு நடந்தீர்களா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.