கண்டி மலைச்சரிவுகளில் குளவிக்கூடு அகற்றுவோர்

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், காடும் தேயிலைத் தோட்டமும் குடியிருப்பும் எல்லை கலந்து கிடக்கும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே காடு தொடங்குகிறது. தெற்கே ஹந்தானை மலையின் சரிவுகள் நகரின் கூரைகளை நோக்கி இறங்குகின்றன. ஆகவே வீடுகளின் இறவாரத்திலும், கடைகளின் பெயர்ப்பலகைக்குப் பின்னும், தண்ணீர்த் தாங்கியின் அடியிலும் குளவி கூடு கட்டுவது இங்கு வழக்கமான நிகழ்வாக இருக்கிறது. பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களை அழைக்க வசதியற்ற இடங்களில் அக்கூடுகளை அகற்றும் பொறுப்பு, மரமேறத் தெரிந்த கூலித் தொழிலாளரிடம் வந்து சேர்கிறது.

இத்தொழிலில் தேர்ந்தவர் முதலில் செய்வது கூட்டை இனங்காண்பதே. அதில் தவறினால் மற்ற எல்லாம் தவறும். சுவரில் ஈரமண்ணால் அறைகள் கட்டும் மண்குளவி தனித்து வாழ்வது; சிலந்திகளைக் கொட்டி மயக்கித் தன் புழுக்களுக்கு இரையாக அடைத்துவைக்கும் அது, மனிதரைத் துரத்திக் கொட்டுவதில்லை என்பதால், அதை அப்படியே விட்டுவிடலாம். அச்சத்துக்குரியது, சிங்களத்தில் தெபரா எனவும் விலங்கியலில் வெஸ்பா அபினிஸ் எனவும் வழங்கும் பெருங்குளவி. கருமையான அதன் வயிற்றின் முற்பகுதியில் அகன்ற செம்மஞ்சள் பட்டை காணப்படும். முட்டையிடும் பெண் குளவியாகிய அரசி, மரநாரைச் சுரண்டி உமிழ்நீருடன் மென்று, காகிதத்தை ஒத்த பொருளாக்கிச் சிறு கூட்டைத் தொடங்கிவைக்க, பின்னர் பிறக்கும் வேலைக்காரக் குளவிகள் அடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, முழுவதையும் உறையால் மூடி, சில மாதங்களில் பெரிய பானையளவுக்கு வளர்த்துவிடுகின்றன.

தோட்டத் தொழிலாளர் பேச்சில் குளவி என்றே குறிக்கப்படும் மற்றொன்று, உண்மையில் மலைத்தேனீ ஆகும். சிங்களத்தில் பம்பரா எனப்படும் இது, உயர்ந்த மரக்கிளையிலோ பாறையிலோ கட்டடத்தின் மேல்விளிம்பிலோ உறையற்ற ஒரே பெரிய அடையைத் தொங்கவிட்டு, அதன்மேல் அடுக்கடுக்காக மொய்த்திருக்கும். இத்தேனீக் கூட்டங்கள் பருவத்துக்கேற்ப இலங்கையின் உலர்வலயத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே இடம்பெயர்கின்றன. நிக்கோலஸ் கோனிகர், குட்ருன் கோனிகர் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1980இல் இதைப் பற்றி எழுதினர். தானே புறப்பட்டுப் போகக்கூடிய கூட்டத்தை ஆள் நடமாட்டமில்லாத உயரத்தில் நெருப்பிட்டு அழிப்பது தேவையற்றது. காட்டு மரங்களின் மகரந்தச் சேர்க்கைக்கு அது பேருதவி புரிகிறது என்பதையும் கருதவேண்டும்.

பெருங்குளவிக் கூட்டை அகற்றுவதில் பாதி வேலை பகலிலேயே முடிகிறது. கூட்டின் வாயில் எந்தப் பக்கம், குளவிகள் எவ்வழியாகப் போய்வருகின்றன, இறங்கி ஓட வழி எது என்பவற்றைத் தொலைவில் நின்று பார்த்தறிந்த பின்னரே, குளவிகள் கூடடைந்த இரவில் வேலை தொடங்கப்படுகிறது. பூச்சிகளின் கண்ணுக்குச் செந்நிறம் எளிதில் புலப்படாது என்பதால், விளக்கின் முகப்பில் சிவப்புத்தாள் கட்டுவது பயனளிக்கிறது. சிறிய கூட்டைத் தடித்த பையினால் மூடிக் காம்போடு வெட்டி எடுக்கலாம். பெரியதாயின் வாயிலில் பூச்சிகொல்லித் தூளைச் செலுத்தி அடைக்கவேண்டும்.

நீண்ட கம்பின் நுனியில் மண்ணெண்ணெய்ப் பந்தம் கட்டிக் கொளுத்தும் பழைய முறை மலிவானது, ஆனால் மிகவும் தீங்கானது. கூரைமரம் தீப்பற்றும், வறண்ட காலத்தில் ஹந்தானைச் சரிவின் மானாப்புல்லில் ஒரு பொறி விழுந்தாலும் மலையே எரியும். அத்துடன், வெளியே தங்கிப்போன குளவிகள் மறுநாள் அவ்விடத்துக்கே திரும்பி வந்து சினத்துடன் சுற்றுவதால், கூடு எரிந்துவிட்டது என நம்பி அருகே செல்பவர் கொட்டுப்படுகிறார். மழைச்சட்டையும் தலைக்குச் சுற்றிய துணியுமே கவசமாக ஏணியேறும் மனிதருக்கு வலைமுகமூடியும் தடித்த கையுறையும் தருவது, அவரை அழைப்பவரின் கடமையாகும்.

தோட்டங்களில் நிலைமை இதைவிடக் கடுமையானது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இதே கண்டி மாவட்டத்தில்தான் உள்ளது. அன்றுமுதல் கொழுந்து பறிப்போர் நிழல்மரங்களின் கீழும் காட்டோரத்திலும் நின்றே வேலை செய்துவருகின்றனர். அடையைத் தின்னவரும் தேன்பருந்து தாக்கினாலோ, கிளை முறிந்தாலோ, தேனீக்கள் கீழே நிற்பவர்மீது பாய்கின்றன. முதுகில் கூடையும் இடுப்பில் படங்கும் கட்டிய பெண், வடிகாலுக்காக வெட்டிய கான்களைத் தாண்டிச் சரிவில் ஓடமுடியாது. முதற்கொட்டில் வெளிப்படும் எச்சரிக்கை மணம் மேலும் பல தேனீக்களை அவ்விடத்துக்கே ஈர்க்கிறது.

தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி நஞ்சைத் தொடர்ந்து செலுத்துவதால், அதை எவ்வகையிலேனும் உடனே அகற்றவேண்டும். பெருங்குளவியோ கொடுக்கை இழக்காமல் திரும்பத்திரும்பக் கொட்டும். ஒவ்வாமையுடையவருக்கு ஒரே கொட்டில்கூட மூச்சடைத்து இரத்தஅழுத்தம் வீழலாம். இதற்கு அதிரினலின் ஊசியைத் தொடைத்தசையில் தாமதமின்றிப் போடுவதே முதன்மைச் சிகிச்சை. பல கொட்டுகளின் நஞ்சு தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெருங்குளவி கொட்டிப் பல உறுப்புகள் செயலிழந்த நேர்வு ஒன்றை எஸ்.ஏ.எம். குலரத்னவும் உடன் ஆய்வாளரும் 2003இல் இலங்கை மருத்துவ இதழில் பதிவுசெய்தனர். தெனியாயவில் கொட்டுப்பட்ட 322 பேரைப் பற்றிய ஆய்வு அதே இதழில் 2015இல் வெளியானது. பாம்புக்கடிக்கு இருப்பதுபோன்ற நஞ்சுமுறி மருந்து இக்கொட்டுகளுக்குப் பயன்பாட்டில் இல்லை.

பூச்சிகொல்லிகளை ஒழுங்குபடுத்த 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும், வேலையில் காயமுற்றோருக்கு நட்டஈடு வழங்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் நாட்டில் உள்ளன. ஆனால் சட்டங்கள் மட்டும் போதா. பறிக்கப்போகும் மலையை முன்கூட்டியே சுற்றிப் பார்த்துக் கூடுள்ள இடத்தைக் குறித்துவைக்க ஒருவரை முழுக்கூலியுடன் நியமிப்பதும், ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் அதிரினலினையும் அதைப் போடத் தெரிந்தவரையும் வைத்திருப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தோட்ட நிர்வாகங்கள் அடுத்த கொட்டுக்குக் காத்திராமல் இவ்விரண்டையும் செய்யவேண்டும்.