அத்தையின் மாத்திரை

நோய்க்கு மருந்தில்லாத காலம் ஒன்றிருந்தது. மருந்திருந்தும் வாங்க வழியில்லாத காலம் இது. எங்கள் அத்தைக்கு 2019-இல் இரத்தப் புற்றுநோய் கண்டது. நாள்தோறும் 400 மில்லிகிராம் இமாடினிப் மாத்திரை ஒன்று உட்கொள்ள வேண்டும்; நிறுத்தலாகாது.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது மாத்திரை அட்டையில் பாதி மிஞ்சியிருந்தது. “ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன் தம்பி, ரெண்டு மாசத்துக்கு வருமில்லே” என்றார் அத்தை. சிக்கனம் நல்லதுதான். ஆனால் இம்மாத்திரையை விட்டு விட்டு உட்கொண்டால், நோய் மருந்துக்கு அடங்காமல் போய்விடக்கூடும்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் கம்பெனிப் பெயரை விட்டு, மருந்தின் மூலப் பெயரையே சீட்டில் எழுதித் தந்தார். நாலு கடை ஏறி இறங்கினோம். அதே மருந்து, அதே அளவு, பாதிக்கும் குறைந்த விலையில் கிடைத்தது!

இம்மலிவு தானே வந்ததன்று. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு தடுக்கிறது. அதன்படி 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம், இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை மறுத்தது. அந்நாளில் அக்கம்பெனி மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளுடையது சுமார் 10,000.

நண்பர்களே, தலைநகரில் சட்டமும் விஞ்ஞானமும் பயில்கிறோம். அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள மருந்துச் சீட்டுகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். மூலப் பெயர் எதுவென்று மருத்துவரைக் கேளுங்கள். காசுக்கு அஞ்சி எவரேனும் மாத்திரையை மிச்சம் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.