ஷாப்ளியின் உறைபனி இரவுகள்

ஏப்ரல் மாதப் பின்னிரவில் ஷாப்ளியின் மலைச்சரிவுகளைப் பார்த்தால் கார்த்திகை தீபம் நினைவுக்கு வரும். திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான தகர டப்பாக்களில் மெழுகு எரியும். கொண்டாட்டம் ஒன்றுமில்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அப்போதுதான் விட்ட துளிர் கருகிவிடும். துளிர் போனால் அந்த வருட ஒயினும் போயிற்று.

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 180 கி.மீ. தூரத்தில், செரைன் என்ற சிறு நதியின் கரையில் இருக்கிறது ஷாப்ளி. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. பெயர் மட்டும் உலகப் பிரசித்தம். அமெரிக்காவில் மலிவான வெள்ளை ஒயினுக்கெல்லாம் பல காலம் இந்த ஊரின் பெயரை ஒட்டி விற்றார்கள். அசல் ஷாப்ளிக்கு ஷார்டனே திராட்சை மட்டுமே அனுமதி. வெயில் தேசத்து ஷார்டனே பழமும் வெண்ணெயுமாக மணக்கும். இதன் குணம் வேறு: எலுமிச்சையின் புளிப்பு, பின்னாலேயே ஈரக் கல்லின் வாசனை.

நதியின் மறுகரையில், தென்மேற்கு பார்த்த ஒரே சரிவில் சுமார் 100 ஹெக்டேர். அதில் ஏழு துண்டுகள். இவைதான் உச்ச தரமான ‘கிராண் க்ரூ’. மண்ணைக் கிளறினால் காற்புள்ளி வடிவத்தில் குட்டிச் சிப்பிகள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. அந்தச் சிப்பியே கோப்பைக்குள் வந்துவிடுகிறது என்பது வியாபாரிகளின் கவிதை. புளிப்பைக் காப்பாற்றித் தருவது முக்கியமாகக் குளிர்தான். பயிரைக் கொல்வதும் அதே குளிர்.

ஊரின் ஒயினில் கிட்டத்தட்ட கால் பங்கு, 1923-ல் பிறந்த லா ஷாப்ளிசியென் கூட்டுறவுச் சங்கத்தின் தயாரிப்பு. நூற்றுக்கணக்கான விவசாயிகளின் விளைச்சல் சேர்வதால், ஒரு சரிவு கருகினாலும் சங்கத்தின் தொட்டிகள் காலியாகிவிடாது. தனித்து நிற்பவர்களுக்கு அந்த வசதியில்லை. தொவிசா குடும்பம் அப்படித் தனித்து நிற்பது. 1931-ல் ரொபேர் தொவிசா தன் பெயரிலேயே பாட்டிலில் அடைக்கத் தொடங்கினார். பிறகு மகன் ரெனே, பேரன் வான்சான். சுமார் 12 ஹெக்டேர்தான் நிலம். மரவாசனை ஒயினை அமுக்கிவிடக் கூடாது என்று பெரும்பாலும் பழகிய ஓக் பீப்பாய்களிலேயே ஊறவிடுகிறார்கள். அவர்களது ‘லே க்ளோ’ ஒயினுக்கு உலகெங்கும் ஆள் காத்திருக்கிறது. ஆனால் எத்தனை பாட்டில் என்பதை ஒரு இரவு தீர்மானித்துவிடலாம்.

மெழுகைத் தவிர இன்னொரு வழி, விசித்திரமானது: துளிர் மேல் தண்ணீர் தெளிப்பது. நீர் உறையும்போது வெளியாகும் வெப்பம், பனிக்கட்டி உறைக்குள் இருக்கும் துளிரைக் காக்கிறது. விடிந்து பனி உருகும்வரை தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பம்ப் நின்றால் தெளிக்காமலே இருந்திருக்கலாம்.

இந்த வித்தைகள் இல்லாத 1950-களில் பனி அடித்த அடியில் தோட்டங்கள் 500 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. இன்று 5,500-க்கு மேல். பூமி சூடாவது நல்லதுதானே என்று தோன்றலாம். இல்லை. குளிர்காலம் இதமாக இருப்பதால் கொடி முன்கூட்டியே துளிர்க்கிறது. தாமதமாக வரும் பனிக்கு வசமாகச் சிக்குகிறது. 2021 ஏப்ரலில் நடந்தது அதுதான்.

மே 11 முதல் 13 வரையான ‘பனிப் புனிதர்கள்’ நாட்கள் கழிந்தால் ஆபத்து நீங்கியது என்பது ஐரோப்பிய விவசாயிகளின் பழங்கணக்கு. அதன் பிறகு ஆலங்கட்டி மழைக் கவலை. 2024-ல் அது மே 1-ஆம் தேதியே வந்துவிட்டது.