தார்ப்பாயும் குதிரையும்

போன ஆவணியில் அஸ்தம்பட்டியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை குதிரைமேல். மண்டப வாசலில், மழைச்சேற்றுக்காக விரித்திருந்த நீலத் தார்ப்பாயைக் கண்டதும் குதிரை நின்றுவிட்டது. இழுத்தார்கள். முதுகில் இரண்டு போட்டார்கள். 'திமிரு சார்' என்றார் பேண்டு செட்காரர். நானும் சிரித்தேன்.

திமிர் இல்லை. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். மூக்குக்குக் கீழே தெரியாது. தலையைத் தாழ்த்தினால்தான் முன்னால் கிடப்பது துணியா, பள்ளமா என்று புரியும். கடிவாளத்தை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் அது எப்படிப் பார்க்கும், சொல்லுங்கள்?

இதையே ஒரு போட்டியாக்கியிருக்கிறார்கள். பெயர் ஹார்ஸ் அஜிலிட்டி. இங்கிலாந்தில் வனெசா பீ என்ற பெண்மணி 2009-ல் இதற்கென்று சங்கமே ஆரம்பித்தார். யாரும் மேலே ஏறக் கூடாது, கூட நடக்கணும். தார்ப்பாய், சின்னப் பாலம், தொங்கும் திரை எல்லாவற்றையும் குதிரை கடக்க வேண்டும். கயிறு தொய்வாக இருக்கணும், பிடித்து இழுத்தால் மார்க் போச்சு. தேர்ந்தவர்களுக்குக் கயிறே கிடையாது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையில் மேளத்துக்கு ஆடும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். நானும் இத்தனை வருஷம் காலைத்தான் பார்த்தேன். கயிற்றைப் பார்த்ததில்லை.

அஸ்தம்பட்டியில் கடைசியில் ஒரு பெரியவர்தான், 'கயித்த விடுங்கப்பா, அதுவே பாக்கட்டும்' என்றார். விட்டார்கள். குதிரை குனிந்து தார்ப்பாயை முகர்ந்தது. ஒரு காலை வைத்தது. அப்புறம் இன்னொன்று. அதுவரை பேண்டு வாசிக்கவில்லை.