நெல்லியடியில் விட்டு வந்த வேகன்



பல ஆண்டுகள் வீட்டில் உழைத்த பொருள் ஒன்றை விற்று அனுப்பிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உம்மா மிதித்த தையல் இயந்திரமாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பால் தந்த பசுவாக இருக்கலாம். வாங்கியவர் கொண்டுபோகும்போது வாசல் வரை போய் நின்று பார்த்திருப்பீர்கள். காசு கைக்கு வந்துவிடும். மனம் மட்டும் அந்தப் பொருளின் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்து போய்த் திரும்பும்.

2024 செப்டம்பரில் எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் குடும்பத்தைச் சுமந்த பழைய டீசல் வேகனை நெல்லியடியில் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பினேன். அந்த ஊரைப் பற்றியும் அந்த வண்டியைப் பற்றியும் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். விற்கிற நேரத்தில் நான் வழுக்கி விழப் பார்த்த ஓர் இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வல்லை வெளியைத் தாண்டி...

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வழியெல்லாம் செம்மண் தோட்டங்கள் வரும். வெங்காயமும் புகையிலையும் வாழையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அச்சுவேலிப் பக்கம் தாண்டியதும் திடீரென வீடுகள் நின்றுவிடும். இரு பக்கமும் வெறும் வெளி; உவர் நிலம்; தொண்டைமானாற்று நீரேரியின் மேல் ஒரு பாலம். இதுதான் வல்லை வெளி. காற்று அடித்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். வெளி முடிந்து மறுபடி பனையும் வீடும் தொடங்கினால் வடமராட்சி. அதன் முதல் பெரிய சந்தி நெல்லியடி.

சந்தை, பஸ் தரிப்பிடம், துணிக்கடை, நகைக்கடை, ரியூசன் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் என்று எப்போதும் கலகலப்பாக இருக்கும் ஊர். ஒட்டினாற்போல் கரவெட்டி. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்த ஊர் அது. அவர் கொழும்பு சாஹிராக் கல்லூரியில் படித்தவர். பின்பு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். அந்தக் காலத்தில் சாஹிராவின் அதிபராக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். நம்மவர்களுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு பிரிவு

அந்த உறவு 1990 அக்டோபர் 30 அன்று அறுந்தது. யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டவர்கள். நான் அப்போது சிறு பையன். எங்கள் வாப்பாவிடம் ஓர் ஒஸ்டின் ஏ-40 கார் இருந்தது. ஐந்துசந்தியில் அதை நிறுத்தி, துடைத்து, வாடகைக்கு ஓடித்தான் எங்களை வளர்த்தார். அந்த நாள் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தார். திரும்பிப் பார்த்தாரா என்பது எனக்கு நினைவில்லை. புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்த காலத்தில் வீட்டைப் பற்றிப் பேசுவார், கிணற்றைப் பற்றிப் பேசுவார். காரைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

போர் 2009இல் முடிந்தது. 2011இல் நான் மனைவி மக்களோடு யாழ்ப்பாணம் திரும்பினேன். உம்மாவும் உறவினர்களில் பாதிப் பேரும் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். புத்தளத்திலிருந்து அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் ஏறத்தாழ 270 கிலோமீற்றர். கல்யாணம், மையித்து, பெருநாள் என்று அடிக்கடி போய்வர வேண்டும். அதற்காகவே 2012இல் அந்த வேகனை வாங்கினோம். ஜப்பானில் செய்தது, வாங்கும்போதே பதினெட்டு வயது. பின்பகுதியில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தால் மாங்குளம் வருமுன் தூங்கிவிடுவார்கள். உம்மாவைக் கடைசியாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும் அதில்தான்.

பாஸின் கராஜ்

2014இல் ஒரு நாள் சக ஆசிரியர் ஒருவரின் சுகம் விசாரிக்க மந்திகை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். வல்லை வெளியில், முனியப்பர் கோயிலடியைத் தாண்டியதும், வண்டி வெள்ளைப் புகை தள்ளி நின்றுவிட்டது. லொறிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்து, நெல்லியடியில் ஒரு கராஜில் விட்டுவிட்டுப் போனார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுப்பானாக.

கராஜ்காரரை எல்லோரும் 'பாஸ்' என்றே கூப்பிட்டார்கள். அறுபதை நெருங்கும் வயது. எண்ணெய்க் குச்சியை இழுத்து எனக்கு முன் நீட்டினார். எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தது.

"மௌலவி, தண்ணி பாக்காமல் ஓடியிருக்கிறியள். ஹெட் வெடிச்சிருக்கும். திறந்து பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது" என்றார்.

சகோதரிகளே, நீங்கள் புட்டு அவிக்கும்போது பானை வாய்க்கும் நீத்துப்பெட்டிக்கும் இடையில் ஆவி போகாமல் துணி சுற்றுகிறீர்கள் அல்லவா? எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் அதன் தலைப்பாகத்துக்கும் இடையில் அந்தத் துணியின் வேலையைச் செய்வதுதான் கஸ்கற். அதைச் சுற்றித்தான் நெருப்பும் எண்ணெயும் தண்ணீரும் தனித்தனி வழியில் ஓடுகின்றன. தண்ணீர் குறைந்து சூடு ஏறினால் தலைப்பாகம் வளையும், சில வேளை வெடிக்கும், கஸ்கற் எரியும். பிறகு தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். தவறு வண்டியுடையதல்ல. காலையில் ரேடியேற்றரைத் திறந்து பார்க்காத என்னுடையது.

வெடிப்பை ஒட்டி, தலைப்பாகத்தைச் சீவி, புதுக் கஸ்கற் போட்டுத் தர ஒன்பது நாள் ஆயிற்று. "இது ஓடும். ஆனால் ஒட்டின தலை. தண்ணியை மறந்தால் திரும்ப வெடிக்கும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து பத்து ஆண்டுகள் அந்த வண்டியை வேறு எவரிடமும் விட்டதில்லை. பம்ப், ஹீட்டர் பிளக், உப்புக் காற்றுத் தின்ற அடித்தகட்டுக்கு ரிங்கர் வேலை என்று எதுவானாலும் வல்லை வெளியைத் தாண்டினேன்.

மண்ணெண்ணெய்க் காலம்

வேலை நடக்கும்போது பாஸ் பழைய கதை சொல்வார். நாங்கள் புத்தளத்தில் இருந்த காலத்தில் இங்கே என்ன நடந்தது என்பதை நான் அறிந்தது அந்த மர வாங்கில் உட்கார்ந்துதான்.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. அப்போது கைகொடுத்தவை பழைய ஆங்கிலேயக் கார்கள். 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொரிஸ் மைனர், ஐம்பதுகளின் ஒஸ்டின் ஏ-40 போன்றவை. இவற்றின் எஞ்சினில் அழுத்தம் குறைவு. ஆகவே சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகைத்துக்கொண்டாவது ஓடும். டீசல் எஞ்சினுக்கோ வேறு தொல்லை. அதன் பம்புக்கு ஓடுகிற எரிபொருளே மசகும் ஆகும். மண்ணெண்ணெய் மெலிது, தனியே விட்டால் பம்ப் தேய்ந்துபோகும். அதனால் வேறு எண்ணெய் கலந்து ஓட்டினார்களாம். கியூபா நாட்டில் அமெரிக்கத் தடைக்குப் பின்பு ஐம்பதுகளின் கார்களை இன்றுவரை ஒட்டி ஒட்டி ஓட்டுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். நெல்லியடியிலும் அந்தக் கல்வி குறைவில்லை.

"எத்தினை ஏ-40 இந்தக் கையால வேலை செய்திருப்பன்! பிள்ளைப்பேறுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டாலும் அதுதான்" என்றார் ஒரு நாள்.

நான் அப்போதுதான் வாப்பாவின் காரைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த சாவியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"உங்கட வாப்பாவின்ர காரும் என்ர கையில வந்து போயிருக்கலாம், மௌலவி. ஆருக்குத் தெரியும்? வந்திருந்தால், ஒழுங்காத்தான் செய்து அனுப்பியிருப்பன்."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வேகன் பழுதாகாமல் இருந்திருந்தால் இந்த ஒரு வார்த்தையை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

மனைவியின் கொப்பி

என் மனைவி ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் வேகனின் கணக்கை எழுதி வந்தார். திகதி, மாற்றிய சாமான், கொடுத்த காசு. நான் பில்லைத் தொலைத்துவிடுவேன் என்று தொடங்கிய பழக்கம். ஒரு கொப்பி முடிந்து இரண்டாவதும் பாதிக்கு வந்தது. 2021 டிசம்பரில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய் ஆனதும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. அந்த மாதங்களில் நான் வரிசையில் இரவைக் கழித்தேன். மண்ணெண்ணெய் கலக்கலாமா என்று கேட்டதற்கு, "அது வேற வழி இல்லாத காலம். இந்தப் பம்பைக் கெடுக்காதேங்கோ. சைக்கிள் ஓடுங்கோ" என்றார் பாஸ். ஓடினேன்.

2024இல் மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதே மாதம் பம்ப் மறுபடி கசிந்தது. புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் அந்த ஆண்டு அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. மனைவி கொப்பியைக் கூட்டிப் பார்த்து என் முன் வைத்தார். மூன்று ஆண்டு ரிப்பேர்ச் செலவு, மகளின் படிப்புச் செலவை விடக் கூட. விற்பதென்று முடிவாயிற்று.

ஒட்டிய தலை

அப்போது பழைய வண்டிக்கு நல்ல விலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அந்த ஆண்டு வரை தனியார் கார்களுக்குத் திறக்கப்படவில்லை. திறந்தது 2025 பெப்ரவரியில்தான். தரகர் ஒருவர் வந்து பார்த்தார். நான் எதிர்பாராத தொகையைச் சொன்னார். போகும்போது மெதுவாக, "ஹெட் ஒட்டினதை வாங்கிறவையிட்டச் சொல்லாதேங்கோ. கேட்டால் மட்டும் பாப்பம்" என்றார்.

சகோதரிகளே, அன்றிரவு நான் கணக்குப் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பணத்தில் மகளின் விடுதிச் செலவு இரண்டு ஆண்டுக்குப் போதும். பத்து ஆண்டாக வெடிக்கவில்லையே, இனியும் வெடிக்காது என்று மனம் சொன்னது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தை உள்ளே மறைத்து வைத்திருந்த வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் படிப்பிப்பவன் நான். பாடம் கரும்பலகையில் இருக்கும்போது எளிதாக இருக்கிறது. சொந்த முற்றத்தில் வந்து நிற்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

இன்னொன்றும் உறுத்தியது. குறையை மறைத்து விற்றால், நாளை அது வல்லை வெளியில் நின்றதும் வாங்கியவர் யாரைத் திட்டுவார்? கடைசியாகத் தொட்ட பாஸைத்தான். என் பேராசைக்கு அவர் கையின் பெயர் கெட வேண்டுமா?

தரகரை வேண்டாம் என்றேன். பாஸே கரவெட்டியிலிருந்து ஒரு தம்பதியை அழைத்து வந்தார். மிளகாய்த்தூளும் வடகமும் செய்து கடைகளுக்குப் போடுகிறவர்கள். கணவர் ரயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் நேரே கேட்டார்: "இதில என்ன குறை இருக்கு, அண்ணை?"

நான் வாய் திறக்குமுன் மனைவி இரண்டு கொப்பிகளையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். "எல்லாம் இதில எழுதிக் கிடக்கு. முதல்ல இந்தப் பக்கத்தப் பாருங்க" என்று 2014ஆம் ஆண்டுப் பக்கத்தை விரித்தார். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக வாசித்தார். பாஸும் ஒட்டிய இடத்தைக் காட்டி, தினமும் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று சொன்னார். விலை, தரகர் சொன்னதைவிட மூன்று இலட்சம் குறைந்தது. ஆனாலும் அவர்கள் வாங்கினார்கள். கொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு சின்ன யோசனை: வண்டி விற்றால் 'ஓப்பன் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர் மாறும் வரை சட்டத்தின் முன் உரிமையாளர் நீங்கள்தான். நாங்கள் பெயர் மாற்றத்தை முடித்த பின்புதான் சாவியைக் கொடுத்தோம்.

சாவியைக் கொடுக்கும்போது வாப்பாவை நினைத்தேன். அவருக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. வண்டியின் நலம் குறை எதையும் எவரிடமும் சொல்லி ஒப்படைக்க அவருக்கு வாய்க்கவில்லை. எனக்கு மூன்று கிழமை கிடைத்தது. வண்டியைக் கழுவினேன். பிள்ளைகளின் பழைய பென்சில்களை ஆசனத்துக்கு அடியிலிருந்து பொறுக்கி எடுத்தேன். வாங்குகிறவர் முகம் பார்த்து, குறை சொல்லி, நல்வார்த்தை பேசிப் பிரிந்தேன். அல்ஹம்துலில்லாஹ், இப்படிப் பிரியக் கிடைப்பதும் ஒரு நிஃமத்துத்தான்.

750ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வல்லை வெளியில் காற்று பலமாக அடித்தது. மனைவி, "இனிமே தண்ணி பாக்கிற வேல இல்ல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சென்ற மாதம் ஒரு கடையில் மிளகாய்த்தூள் வாங்கும்போது எங்கள் வேகன் வந்து நின்றது. பின்பகுதி நிறையப் பொதிகள். அந்த அம்மா இறங்கி வந்து சலாம் சொல்வதுபோல் கையை உயர்த்திச் சிரித்தார். முன் ஆசனத்தில் கொப்பி கிடந்தது. இப்போது அது மூன்றாவது கொப்பியாம்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று விலைக்குப் போகும் நாள் வரும், சகோதரிகளே. அன்று அதன் குறையையும் சேர்த்து ஒப்படையுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். பின்பு அந்தப் பொருளை வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டி வராது.