எம்.ஆர்.ஐ.யும் ஒரு பேலன்ஸ் ஷீட்தான்!

பி.காம். படிக்கிறவனுக்கு மூளைக்கட்டி பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

பெரியப்பாவுக்கு வந்தது கிளையோபிளாஸ்டோமா. மூளைக்கட்டிகளில் மிக வேகமாக வளர்கிற ரகம். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. கவரோடு பஸ்ஸில் சென்னீர்குப்பம் திரும்பினேன். வழியில் ரிப்போர்ட்டைப் பிரித்தால், கட்டி பெரிதாகியிருக்கிறதாம்! பெரியம்மா கேட்டபோது, "டாக்டர்தான் சொல்லணும்" என்று சமாளித்தேன்.

டாக்டர் பதறவேயில்லை. "டெமோசோலமைடு மாத்திரை தொடரட்டும். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்" என்றார்.

ஏன் என்று அன்றிரவே தேடிப் படித்தேன். ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் கடோலினியம், ரத்தக்குழாய் கசியும் இடத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டி இருந்தாலும் கசியும். ரேடியேஷனால் புண்பட்டாலும் கசியும். முதல் 12 வாரங்களில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். இதற்குப் பெயர் பொய் வளர்ச்சி. அக்கவுண்ட்ஸில் நஷ்டம், கடையில் நஷ்டமில்லை!

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பெவாசிசுமாப் என்ற மருந்து கசிவை அடைத்துவிடும். வெள்ளை சட்டென்று சுருங்கும். ஸ்கேனில் கட்டி சுருங்கியதை வைத்து 2009ல் அமெரிக்கா அதற்கு விரைவு அனுமதி கொடுத்தது. 2014ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், புதிதாக நோய் கண்டவர்களின் ஆயுள் அந்த மருந்தால் கூடவில்லை என்று தெரிந்தது. வீக்கத்தைக் குறைக்க அது உதவுகிறது என்பது வேறு விஷயம். எங்கள் பாஷையில் இது விண்டோ டிரெஸ்ஸிங். மார்ச் 31 அன்று மட்டும் கணக்கு அழகாக இருக்கும்.

அதனால்தான் புது மருந்துகளை அளக்க 'ரானோ' என்ற விதிமுறையை 2010ல் வகுத்தார்கள். 2023ல் அதைத் திருத்தி, ரேடியேஷனுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனையே ஓப்பனிங் பேலன்ஸாக வைக்கச் சொன்னார்கள். முதல் 12 வாரங்களில் வளர்ச்சி தெரிந்தால் மறு ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். நம்ம தரமணிக்கு 2019ல் புரோட்டான் சிகிச்சை வந்தது. நாளைக்கு இன்னொன்று வரும். எது வந்தாலும் ஒரே ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதுதான் எனக்குப் புரிந்தது.

பெரியப்பாவின் அடுத்த ஸ்கேனில் வெள்ளை குறைந்திருந்தது. அதன்பிறகு பதினோரு மாதம் எங்களோடு இருந்தார். அந்த முதல் ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால்?

என் செமஸ்டர் ஃபீஸ் கட்ட, பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தது அந்தப் பதினோரு மாதத்தில்தான்.